பணம் போகும் வழி யார் கையில்?

இன்றைய சொற்பொழிவின் பொருள் ஒரே ஒரு கேள்வி. பணம் செலுத்தும் சேவையிலும் அதை ஒட்டிய இணையச் சேவைகளிலும் கொடிகட்டிப் பறக்கும் பெருநிறுவனங்களை ஏகபோக நிறுவனங்கள் என்று கொள்ளலாமா?

ஒரு பொருளை விற்பவர் ஒருவரே, அதற்கு ஈடாக வேறு எதுவும் கிடைக்காது என்ற நிலையைப் பாடநூல்கள் ஏகபோகம் என்கின்றன. இந்த இலக்கணப்படி விசா ஏகபோக நிறுவனம் அன்று. மாஸ்டர்கார்டு இருக்கிறது, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. போன்பே ஏகபோக நிறுவனம் அன்று; கூகுள் பே இருக்கிறது, பேடிஎம் இருக்கிறது, பீம் இருக்கிறது. எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதே போதும் என்றால் விடை எளிது. ஆனால் நீதிமன்றங்கள் தலையெண்ணிக்கையோடு நின்றனவா?

நிற்கவில்லை. அமெரிக்காவின் ஷெர்மன் சட்டம் 1890-இல் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் 1911-இல் உடைக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்துக்கும் போட்டியாளர்கள் இருந்தார்கள். அந்நாட்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பில் அதன் கை உச்சத்தில் இருந்தபோதுகூட ஏறத்தாழ 90 சதவீதம்தான், மீதம் மற்றவர்களுடையது. ஆனாலும் அது 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. சேவை நிறுவனங்களுக்கும் இதே கதிதான். தீ, திருட்டு எச்சரிக்கை மணிகளை மைய நிலையத்திலிருந்து கண்காணித்துத் தந்த கிரின்னெல் நிறுவனம் 87 சதவீதச் சந்தையை வைத்திருந்தது. 1966-இல் அதன்மீதான தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு கேள்விகளை நிறுத்தியது. ஏகபோக வலிமை இருக்கிறதா? அந்த வலிமை நல்ல பொருளாலும் திறமையாலும் வந்ததா, அல்லது மற்றவரை வழிமறித்துச் சேர்த்ததா? முதல் கேள்விக்கு மட்டும் ஆம் என்றால் குற்றமில்லை. வலிமையும் வழிமறிப்பும் சேர்ந்து இருந்தால்தான் குற்றம்.

வலிமை என்றால் என்ன? விலையைத் தன் விருப்பப்படி வைக்கும் வலிமை. போட்டியாளரை வெளியே நிறுத்தும் வலிமை. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் போதும். 1956-இல் டுபான்ட் நிறுவனத்தின் செலோஃபேன் தாள் வழக்கில் வகுக்கப்பட்ட அளவுகோல் அது. அதே வழக்கில்தான் ஒரு பெரும் பிழையும் நேர்ந்தது. செலோஃபேனில் டுபான்ட்டின் பங்கு ஏறத்தாழ 75 சதவீதம். ஆனால் நீதிமன்றம் சந்தையின் எல்லையை அகலப்படுத்தியது. மெழுகுத்தாள், அலுமினியத் தாள் முதலிய வளையும் உறைப்பொருள்கள் அனைத்தும் ஒரே சந்தை என்றது. அந்தப் பெரிய சந்தையில் டுபான்ட்டின் பங்கு 20 சதவீதத்துக்கும் கீழே போனது, நிறுவனம் தப்பியது. விலையை ஏற்கெனவே உச்சிக்கு ஏற்றிவிட்ட பிறகு, வாங்குபவர்கள் மாற்றுப் பொருளைத் தேடி ஓடுவது இயல்பு. அந்த ஓட்டத்தைப் பார்த்துப் போட்டி இருக்கிறது என்று முடிவு கட்டியது தவறு என்று பொருளியலாளர்கள் இன்றுவரை எழுதி வருகிறார்கள்.

இந்தப் பழைய வழக்கை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. பணம் செலுத்தும் நிறுவனங்கள் இன்றும் இதே வாதத்தைத்தான் முன்வைக்கின்றன. ரொக்கமும் போட்டி, காசோலையும் போட்டி, வங்கிப் பரிமாற்றமும் போட்டி, நாளை வரப்போகும் ஏதோ ஒரு செயலியும் போட்டி என்கின்றன. எல்லாவற்றையும் ஒரே சந்தைக்குள் போட்டால் யாருடைய பங்கும் சிறிதாகத்தான் தெரியும்.

அட்டை உலகத்தின் கதை 1958-இல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் தொடங்குகிறது. பேங்க் ஆஃப் அமெரிக்கா அந்த நகர மக்களுக்கு, யாரும் கேட்காமலே, 60,000 கடன் அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது. ஏன் அனுப்பியது? கடைக்காரரிடம் போய் அட்டையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டால், எத்தனை பேர் கையில் அட்டை இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்பார். மக்களிடம் போய் அட்டை வாங்குங்கள் என்று சொன்னால், எத்தனை கடையில் செல்லும் என்று அவர்கள் கேட்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். ஒருமுறை சேர்ந்துவிட்டால் பிறகு பிரிப்பது அரிது. அந்த அட்டைத் திட்டமே 1976-இல் விசா என்ற பெயர் பெற்றது. வேறு வங்கிகள் 1966-இல் தொடங்கிய கூட்டமைப்பு பின்னாளில் மாஸ்டர்கார்டு ஆனது.

இரண்டும் வங்கிகள் கூடி நடத்திய அமைப்புகள். ஒரே வங்கி இரண்டிலும் உறுப்பினராக இருக்கலாம். ஆனால் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையையோ டிஸ்கவர் அட்டையையோ உறுப்பு வங்கி வெளியிடக் கூடாது. வெளியிட்டால் உறுப்புரிமை போகும். இந்த விதியை எதிர்த்து அமெரிக்க நீதித்துறை 1998-இல் வழக்குத் தொடர்ந்தது. 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. அந்த வழக்கில் கணக்கிடப்பட்ட பங்குகள் கவனிக்கத்தக்கவை. விசாவுக்கு ஏறத்தாழ 47 சதவீதம். மாஸ்டர்கார்டுக்கு 26 சதவீதம்.

26 சதவீதம்! 1945-இல் அல்கோவா அலுமினிய வழக்கில் நீதிபதி லேர்னட் ஹேண்ட், 90 சதவீதம் ஏகபோகத்துக்குப் போதும், 60 சதவீதம் ஐயத்துக்குரியது, 33 சதவீதம் நிச்சயமாகப் போதாது என்று சொல்லியிருந்தார். அப்படியிருக்க 26 சதவீதம் வைத்திருக்கும் நிறுவனத்துக்குச் சந்தை வலிமை உண்டு என்று நீதிமன்றம் எப்படிச் சொன்னது? விசாவும் மாஸ்டர்கார்டும் தனித்தனியாகவும் வலிமை உடையவை, சேர்ந்தும் வலிமை உடையவை என்று எந்த ஆதாரத்தில் சொன்னது?

ஆதாரம் கடைக்காரர்கள். கட்டணம் ஏறியபோது எத்தனை வணிகர்கள் அந்த அட்டைகளை ஏற்க மறுத்தார்கள் என்று நீதிமன்றம் பார்த்தது. மறுத்தவர்கள் இல்லை. மறுக்க முடியாது என்பதே வணிகர்களின் சாட்சியம். வாடிக்கையாளர் நீட்டும் அட்டையை வாங்காவிட்டால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். சில காசு கட்டணத்தை மிச்சப்படுத்த முழு விற்பனையையும் இழக்க எந்த வணிகர் துணிவார்? விலை ஏறியும் வாங்குபவர் விலகிப்போக வழியில்லை என்றால் அங்கே வலிமை இருக்கிறது. சதவீதம் அதற்குச் சாட்சிகளில் ஒன்று மட்டுமே.

அட்டைக் கட்டணத்தில் இன்னொரு விந்தையும் உண்டு. கடைக்காரர் செலுத்தும் கட்டணத்தின் பெரும்பகுதி விசாவுக்கோ மாஸ்டர்கார்டுக்கோ போவதில்லை; அட்டை வழங்கிய வங்கிக்குப் போகிறது. ஆனால் அந்த விகிதத்தை வகுப்பது விசாவும் மாஸ்டர்கார்டும்தான். இரண்டும் எதற்காகப் போட்டி போடுகின்றன? வங்கிகளைத் தம் பக்கம் இழுக்க. வங்கி எந்த அட்டையை விரும்பும்? தனக்கு அதிகக் கட்டணம் தரும் அட்டையை. ஆக இந்தச் சந்தையில் போட்டி விலையைக் குறைக்கவில்லை, ஏற்றியது. இரண்டு பேர் இருக்கிறார்கள், ஆகவே விலை குறையும் என்ற பாடநூல் நம்பிக்கை இங்கே தலைகீழாகிறது. ஏறிய கட்டணம் பொருளின் விலையில் சேர்கிறது. அட்டையே இல்லாமல் ரொக்கம் கொடுத்து வாங்கும் ஏழையும் அந்த விலையைத்தான் கொடுக்கிறார். இந்த அநீதியைக் கண்டுதான் ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி 2003-இல் கட்டணத்துக்குக் கடிவாளம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் டெபிட் அட்டைக்கு 0.2 சதவீதம், கடன் அட்டைக்கு 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது.

எல்லாத் தீர்ப்பும் ஒரே திசையில் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் அட்டையை ஏற்கும் கடைகளுக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தது. கட்டணம் குறைந்த வேறு அட்டையைப் பயன்படுத்துங்கள் என்று கடைக்காரர் வாடிக்கையாளரைத் தூண்டக் கூடாது. இதை ஓஹியோ உள்ளிட்ட மாநிலங்கள் எதிர்த்தன. 2018-இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், நிறுவனத்தின் பக்கம் நின்றது. கடைக்காரர் பக்கமும் அட்டைதாரர் பக்கமும் சேர்ந்து ஒரே சந்தை. கடைக்காரருக்குக் கட்டணம் ஏறியதை மட்டும் காட்டினால் போதாது, இரண்டு பக்கத்தையும் கூட்டிக் கழித்துத் தீங்கைக் காட்ட வேண்டும் என்றது. நீதிபதி பிரேயர் மாறுபட்டு எழுதினார். அவருடைய கருத்தே வலுவானது. இன்னொருவருக்குப் பரிசுப் புள்ளிகள் கிடைத்தன என்பது கடைக்காரருக்கு எந்த வகையில் ஈடாகும்? தனக்குச் செலவு குறைந்த வழி எது என்று வாய் திறந்து சொல்லவும் தடை இருக்கும் இடத்தில் போட்டி எப்படி உயிர்வாழும்?

அட்டை வழக்குகள் இன்னும் ஓயவில்லை. அமெரிக்காவின் டெபிட் அட்டைப் பரிவர்த்தனைகளில் 60 சதவீதத்துக்கு மேல் விசா வழியாகப் போகிறது, அதற்காக ஆண்டுதோறும் 700 கோடி டாலருக்கு மேல் கட்டணம் வாங்குகிறது என்று சொல்லி, 2024 செப்டம்பரில் அந்நாட்டு நீதித்துறை மறுபடி நீதிமன்றம் சென்றது. ஒவ்வொரு டெபிட் அட்டையிலும் தொடர்பில்லாத இரண்டு வலையமைப்புகளாவது இருக்க வேண்டும் என்பது 2010-இல் வந்த சட்டம். வணிகர் மலிவான வழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதே அதன் நோக்கம். ஆனால் வேறு வழியில் அனுப்பும் வணிகருக்கு மொத்தத் தள்ளுபடி பறிபோகும்படி விசா ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்பது அரசின் குற்றச்சாட்டு. போட்டியாளராக வளரக்கூடிய தொழில்நுட்ப நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்து ஒதுங்கியிருக்கச் செய்தது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. விசா இவற்றை மறுக்கிறது. தீர்ப்பு வரும்வரை இவை குற்றச்சாட்டுகளே.

இனி இந்தியாவுக்கு வருவோம். இங்கே கதை வேறு விதமாகத் தொடங்கியது. ரிசர்வ் வங்கியும் வங்கிகள் சங்கமும் முன்னின்று 2008-இல் இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தை, அதாவது என்பிசிஐ அமைப்பை, உருவாக்கின. அது இலாப நோக்கமற்ற நிறுவனம். 2012-இல் ரூபே அட்டை வந்தது, 2016-இல் கைப்பேசிவழிப் பணப்பரிமாற்ற முறையான யுபிஐ வந்தது. 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் யுபிஐ வழியாக 2,000 கோடிப் பரிவர்த்தனைகள் நடந்தன. காய்கறிக்கடை, டீக்கடை, பூக்கடை, ஆட்டோ என்று க்யூஆர் அட்டை இல்லாத இடம் அரிது. எந்தச் செயலியின் க்யூஆரையும் எந்தச் செயலியாலும் ஸ்கேன் செய்யலாம். வங்கிக் கணக்கு வங்கியில்தான் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் சில நிமிடத்தில் வேறு செயலிக்கு மாறலாம். இவ்வளவு திறந்த அமைப்பில் ஏகபோகம் எங்கிருந்து வரும்?

கேள்வி நியாயமானது. ஆனால் நடந்தது என்ன? சாலை பொதுச் சாலை. அதில் ஓடும் பேருந்துகளில் பெரும்பாலானவை இரண்டே முதலாளிகளுடையவை. வால்மார்ட்டின் உடைமையான போன்பேயும் ஆல்பபெட்டின் கூகுள் பேயும் சேர்ந்து யுபிஐ பரிவர்த்தனைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைக் கையாளுகின்றன. மாறுவது எளிது என்றாலும் மக்கள் மாறவில்லை. பழக்கம் ஒரு காரணம். யுபிஐ முகவரி செயலியோடு ஒட்டியிருப்பது ஒரு காரணம். பணம் வந்ததைக் கூவிச் சொல்லும் ஒலிப்பெட்டி கடையில் அமர்ந்திருப்பது இன்னொரு காரணம்.

ஆபத்தை என்பிசிஐ அறியாமல் இல்லை. எந்தச் செயலியும் மொத்தப் பரிவர்த்தனை எண்ணிக்கையில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020 நவம்பரில் அறிவித்தது. தாண்டியவர்களுக்கு 2022 முடிவுவரை அவகாசம் தந்தது. பிறகு 2024 முடிவுவரை நீட்டித்தது. பிறகு 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. ஏன் இத்தனை தயக்கம்? கோடிக்கணக்கான மக்களைப் பார்த்து, நாளை முதல் உங்கள் செயலியில் பணம் போகாது என்று யாரால் சொல்ல முடியும்? வரம்பை அமல்படுத்த முடியாத அளவுக்கு ஒரு நிறுவனம் வளர்ந்துவிட்டது என்றால், அதுவே அதன் வலிமைக்குச் சான்று.

இலவசமாகத் தரும் சேவையில் ஏகபோகம் உண்டா என்று சிலர் கேட்பார்கள். 2020 ஜனவரி முதல் யுபிஐ பரிவர்த்தனைக்கு வணிகரிடம் கட்டணம் கூடாது என்பது அரசின் விதி. மக்களுக்கு அது பெரும் நன்மை. அதில் ஐயமே வேண்டாம். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வருவாயே இல்லாத தொழிலில் ஆண்டுக்கணக்கில் கேஷ்பேக் கொடுத்து, விளம்பரம் செய்து, தாக்குப்பிடிக்க யாரால் முடியும்? ஆழமான பை உள்ளவர்களால் மட்டுமே முடியும். கட்டணமின்மை சிறிய நிறுவனத்துக்கு நுழைவுத் தடையாகிவிட்டது. பெரியவர்களுக்கோ அங்கே திரளும் வாடிக்கையாளர் கூட்டமே மூலதனம். கடன், காப்பீடு, முதலீடு எல்லாம் அந்தக் கூட்டத்திடம்தான் விற்கப்படுகின்றன.

சேவை நிறுவனங்களின் பக்கமும் ஒரு பார்வை வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குச் செயலி எழுதுபவர் ப்ளே ஸ்டோரைத் தவிர்த்து மக்களை அடைவது மிகக் கடினம். அங்கே எண்முறைச் சேவை விற்றால் கூகுளின் பில்லிங் முறையைத்தான் பயன்படுத்த வேண்டும், 15 முதல் 30 சதவீதம் தர வேண்டும் என்றிருந்தது. இது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் தீர்ப்பளித்து 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் தொகை குறைந்தது, தகராறு தொடர்ந்தது. 2024 மார்ச்சில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட சில இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் கட்டணத் தகராறு காரணமாக ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. மத்திய அரசு தலையிட்ட பிறகு அவை திரும்ப வந்தன. எந்தப் பக்கம் சட்டம் இருந்தாலும், ஒரு நிறுவனத்தின் முடிவால் இன்னொரு நிறுவனத்தின் வாசல் ஒரே நாளில் அடைபடும் நிலை அது.

வாசலை அடைக்கும் வலிமை பணப்பரிமாற்றத்தில் இன்னும் கூர்மையானது. 2010 டிசம்பரில் விசா, மாஸ்டர்கார்டு, பேபால் மூன்றும், இரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸுக்குச் செல்லும் நன்கொடைகளை நிறுத்தின. அந்த அமைப்பை எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று சொல்லியிருக்கவில்லை. விசாவின் கூட்டாளி நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்தது சட்டவிரோதம் என்று ஐஸ்லாந்து உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. 2022 மார்ச்சில், உக்ரைன் போரையடுத்து, விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவை விட்டு வெளியேறின. ஆனால் அந்நாட்டுக்குள் அந்த அட்டைகள் தொடர்ந்து வேலை செய்தன. 2014-இல் ரஷ்யா தனக்கென ஒரு தேசியப் பணப்பரிமாற்ற அமைப்பை நிறுவியிருந்ததே காரணம். அந்நாட்டின் போரை யாரும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆயினும் மாற்று வழி இருந்தால் அடைப்பு பலிக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. அடைத்த வாசலை ஆணையம் திறக்க வைத்த கதையும் உண்டு. கென்யாவில் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவையை நடத்தும் சஃபாரிகாம், தன் முகவர்கள் பிற நிறுவனங்களுக்கு வேலை செய்யக் கூடாது என்றிருந்தது. 2014-இல் அந்நாட்டுப் போட்டி ஆணையம் அந்தத் தடையை நீக்க வைத்தது.

ஆக, விடை என்ன? பாடநூல் இலக்கணப்படி இந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை ஏகபோக நிறுவனங்கள் அல்ல. ஆனால் ஏகபோகத்தின் வலிமை இவற்றிடம் உண்டு. வணிகரால் விலக முடியவில்லை, புதியவரால் நுழைய முடியவில்லை, ஒழுங்குபடுத்துபவரால் தன் விதியை அமல்படுத்த முடியவில்லை என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் சட்டம் அந்த வலிமையை அங்கீகரித்தே ஆக வேண்டும்.

இந்தியச் சட்டத்தில் ஒரு குறை இங்கேதான் நிற்கிறது. 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் சதவீதக் கணக்கு எதுவும் வைக்கவில்லை. சந்தையின் சக்திகளைப் பொருட்படுத்தாமல் நடந்துகொள்ளும் திறன் உண்டா என்றுதான் கேட்கிறது. அது நல்ல அளவுகோல். ஆனால் அதன் நான்காம் பிரிவு ஒரு நிறுவனத்தையோ ஒரே குழுமத்தையோ மட்டுமே பார்க்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நிறுவனங்கள் சந்தையைப் பங்கிட்டு ஆண்டால் அதைக் கூட்டு ஆதிக்கம் என்று பார்க்க அதில் இடமில்லை. ஓலா, ஊபர் மீதான வாடகைக் கார் வழக்கில் ஆணையம் இதைக் காரணம் காட்டியே கூட்டு ஆதிக்க வாதத்தை ஏற்கவில்லை. விசாவையும் மாஸ்டர்கார்டையும் சேர்த்தும் தனித்தும் எடைபோட்ட அமெரிக்க நீதிமன்றத்துக்கு இருந்த வழி, போன்பேயும் கூகுள் பேயும் ஐந்தில் நான்கு பங்கு வைத்திருக்கும் நாட்டின் ஆணையத்துக்கு இல்லை.

தனித்தோ கூட்டாகவோ என்று நான்காம் பிரிவில் சேர்க்கும் திருத்த மசோதா 2012-இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. மக்களவை கலைந்தபோது காலாவதியானது. 2023-இல் சட்டம் விரிவாகத் திருத்தப்பட்டபோதும் அது இடம்பெறவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இந்த அவையில் இருக்கும் வணிகர் சங்கத்தினர் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதை எழுத்தில் கேளுங்கள். போட்டிச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி தனிநபரும் நுகர்வோரும் வணிகர் சங்கமும் ஆணையத்திடம் நேரடியாகத் தகவல் தாக்கல் செய்யலாம். கட்டணம் ஏறும்போதும் வாசல் அடைபடும்போதும் அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள்.